அரை மில்லிமீட்டர் இடைவெளி

நான் சந்தேகப் பிராணிதான். ஒப்புக்கொள்கிறேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கமாட்டேன். கதவு மணி அடித்தால் துவாரம் வழியாகப் பார்த்துவிட்டு, வந்தவன் அலுத்துப் போய் இறங்கிப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். என் மனைவி வெரிட்சா இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளட்டும். எங்கள் நீஷ் நகரத்தில் ஏமாந்தவர்களின் பட்டியல் எடுத்தால் என் பெயர் அதில் இருக்காது.

நான் வேலை பார்த்த மின்னணு ஆலை மூடியபிறகு பிழைப்புக்குச் செய்வது, குஞ்சு பொரிக்கும் பெட்டிகளுக்கான கட்டுப்பாட்டுக் கருவி. பெட்டிக்குள் சூடு ஏறினால் ஹீட்டரை அணைக்கும், இறங்கினால் போடும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை முட்டைகளைப் புரட்டும். எங்கேயாவது சிக்கிக்கொண்டு சூடு எல்லை மீறினால் எச்சரிக்கை மணி அலறும். ஸ்வர்லிக் பக்கத்து மலைக் கிராமங்களில் கோழி, வான்கோழி வளர்க்கிறவர்கள் வாங்குகிறார்கள். அதற்கான சர்க்யூட் போர்டையும் நானே வீட்டில் செய்கிறேன். வரைபடத்தைச் சீனாவுக்கு அனுப்பினால் பச்சைப்பசேலென்று அச்சாகி வரும், விலையும் மலிவு என்று ரெல்யா சொல்கிறான். ரெல்யா என் மகன், நகரப் பேருந்து ஓட்டுகிறான். முன்பின் தெரியாதவன் கையில் என் வரைபடத்தைக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா?

வீட்டில் செய்ய அதிகம் ஒன்றும் வேண்டாம். செம்புத் தகடு ஒட்டிய பலகையைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் பளபளவென்று தேய்க்க வேண்டும். வெரிட்சா படித்து முடித்த பெண்கள் பத்திரிகையின் வழவழப்பான தாளில் வரைபடத்தை லேசர் அச்சில் எடுத்து, செம்பின்மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்த வேண்டும். அச்சு மை உருகிச் செம்பில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்துவிட்டு, பால்கனியில் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட வேண்டும். டப்பாவில் இருப்பது கக்கூஸ் கழுவும் ஆசிட்டும், முடி வெளுக்கிற பெராக்சைடும். மை ஒட்டாத இடத்துச் செம்பையெல்லாம் அது தின்றுவிடும். மை இருந்த இடம் கோடு கோடாக நிற்கும். பிறகு அலசித் துளை போட்டால் தீர்ந்தது.

இதில் லேசர் அச்சு மட்டும் என்னிடம் இல்லை. வாங்கவுமில்லை. நீதிமன்றத்துக்கு எதிரே புதிமிர் நகல் கடை வைத்திருக்கும்போது எதற்கு வாங்க வேண்டும்? ஆலையிலும் நாங்கள் ஒன்றாகத்தான் இருந்தோம். நான் சோதனைப் பிரிவு, அவன் போர்டு அலசும் பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலாக அவன் எங்கள் கூம்.

கூம் என்றால் திருமணத்தில் மணமக்களுக்குப் பின்னால் மெழுகுவர்த்தி பிடித்துச் சாட்சி நிற்பவன். பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைப்பவனும் அவன்தான். இது இரண்டு ஆட்களோடு போகிற உறவு இல்லை, இரண்டு வீடுகளுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக வருவது. அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளலாம். கூமோடு முறைத்துக்கொண்டான் என்று பெயர் வாங்கினால் ஊர் அவனை மனிதனாகவே மதிக்காது. என் கல்யாணத்தில் மெழுகுவர்த்தி பிடித்தவர் புதிமிரின் அப்பா. ரெல்யாவுக்குப் பெயர் வைத்தவன் புதிமிர். இந்த வருடம் ஈஸ்டர் முடிந்து இரண்டாவது ஞாயிறு ரெல்யாவுக்குக் கல்யாணம். நான் செய்யவேண்டியதெல்லாம், ரக்கியா என்கிற பழச்சாராயம் நிரப்பிய மரக்குடுவையை எடுத்துக்கொண்டு புதிமிரிடம் போய் நீட்டுவது. அவன் ஒரு மடக்கு குடித்தால் சம்மதம். அதற்குமேல் பேச்சில்லை.

அப்படிப் போகவேண்டிய பிப்ரவரி மாதத்தில்தான் அந்தப் போர்டு என் கண்ணில் பட்டது.

ஞாயிற்றுக்கிழமைப் பழைய பொருள் சந்தையில், காதில் சிகரெட் செருகிய ஒருவன் ஓட்டை உடைசல்களுக்கு நடுவே குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்றைப் போட்டு வைத்திருந்தான். கை சும்மா இருக்குமா? மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே இருந்தது என் வரைபடம். ஆனால் என் கைவேலை இல்லை. என் கோடுகளின் ஓரம் கொஞ்சம் அரித்தாற்போல் இருக்கும். இது கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தது. மேலே மெல்லிய வார்னிஷ் வேறு.

என் வரைபடம்தான் என்று எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முதன்முதலில் நான் செய்த போர்டு, ஆலைக் கழிவில் கிடைத்த பலகை. நடுவில் ஒரு திருகாணித் துளை இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகும்படி ஒரு கோட்டை வளைத்தேன். அப்புறம் நல்ல பலகை வாங்க ஆரம்பித்தும், சோம்பேறித்தனத்தால் அந்த வளைவை நிமிர்த்தவேயில்லை. இல்லாத துளையைச் சுற்றிக்கொண்டு போகிற கோடு உலகத்தில் என் வரைபடத்தில் மட்டும்தான் உண்டு. அந்த வளைவு இந்தப் போர்டிலும் இருந்தது.

"இதை யார் வித்தா?" என்று கேட்டேன்.

"ஏன், நீ போலீஸா?" என்றான் அவன். "எவனோ கிராமத்தான். முட்டை வியாபாரத்த விட்டுட்டானாம். வேணும்னா எடு, இல்லன்னா வெளிச்சத்த மறைக்காத."

எடுக்காமல் நடந்தேன். கால் ஒரு பக்கம் போக, மனசு நேராக நீதிமன்றத்து எதிர்க்கடைக்குப் போனது. என் வரைபடம் என் வீட்டைவிட்டு வெளியே போகிற ஒரே இடம் அதுதான்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். புதிமிர் ஆள் பெரியவன். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும், அதைத் தேடிக்கொண்டே பாதி நாள் போகும்.

"வா கூமே!" என்றான். "என்ன மூஞ்சி இப்பிடி? யாராச்சும் செத்துட்டாங்களா, இல்ல வெரிட்சா சமையல் பண்ணிட்டாளா?"

"ரெண்டு தாள் அச்சடிக்கணும்" என்றேன். சிரிக்கவில்லை.

அவன் கணினியைத் திறந்தபோது எட்டிப் பார்த்தேன். 'நெகோவான்' என்று என் பெயரிலேயே ஒரு கோப்புறை. உள்ளே நான் இதுவரை கொண்டுவந்த எல்லா வரைபடங்களும் வரிசையாக இருந்தன.

"இதெல்லாம் எதுக்கு வச்சிருக்க?"

"நீதான் பென்டிரைவ வாரத்துக்கொரு தரம் தொலைச்சிட்டு வந்து நிக்கறியே. அதுக்குத்தான்."

பதில் தயாராக இருந்தது. யோசிக்காமல் வருகிற பதில் எனக்கு எப்போதுமே பிடிக்காது. தாளை நீட்டியபோது அவன் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் வெள்ளை வெளேரென்று வெளுத்திருந்தன. எனக்கும் அப்படித்தான் வெளுக்கும், பெராக்சைடு பட்டால். நகல் கடைக்காரனுக்கு மை ஒட்டலாம். வெளுப்பு எங்கிருந்து வரும்?

"ஆசிட்லேர்ந்து எடுத்ததும் சோடா உப்புத் தண்ணியில அலசுறியா கூமே?" என்று அவனாகவே கேட்டான். "மூணு தடவையாச்சும் அலசணும். பெட்டிக்குள்ள ஈரம் ஜாஸ்தி இல்ல, அதான் கேட்டேன்."

"என் வேலை எனக்குத் தெரியும்" என்றேன்.

வெளியே வந்ததும் எனக்குள் எல்லாம் கணக்காகப் பொருந்தியது. செய்முறையை வாயைக் கிளறித் தெரிந்துகொள்ளப் பார்க்கிறான். வரைபடம் அவனிடம் இருக்கிறது, கை வெளுத்திருக்கிறது. முப்பது வருடம் என் வீட்டு ஸ்லாவாவில், எங்கள் குடும்பப் புனிதரின் திருநாள் விருந்தில், முதல் நாற்காலியில் உட்கார்ந்து தின்றவன் என் வாய்ச்சோற்றைப் பிடுங்குகிறான். எதிரி செய்தால் கோபம் மட்டும்தான் வரும். கூம் செய்தால் வயிறெல்லாம் எரிகிறது.

நேராகப் போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் மறுப்பான். ஆதாரம் வேண்டும். அதோடு, உண்மையைச் சொல்கிறேன், அவனுக்கு வலிக்கவும் வேண்டும். அதனால் ஒரு பொறி வைத்தேன்.

வரைபடத்தில் எச்சரிக்கை மணிக்குப் போகிற கோட்டில், ஒரு மூலையில், அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டேன். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. நான் போர்டு செய்யும்போது, தாளை உரித்தபின் ஆசிட்டில் போடுவதற்கு முன், அந்த இடத்தில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துவிடுவேன். நெயில் பாலிஷை ஆசிட் தின்னாது. என் போர்டில் கோடு முழுசாக இருக்கும். திருடிச் செய்கிறவனுக்கு இது தெரியாது. அவன் போர்டும் வேலை செய்யும், சூடேற்றும், புரட்டும், விளக்கு எரியும். ஒரே ஒரு குறை, சூடு எல்லை மீறுகிற அன்று மணி அடிக்காது. முட்டைகள் சத்தமில்லாமல் வெந்துபோகும். வாங்கினவன் வந்து திருடனின் சட்டையைப் பிடிப்பான். முட்டை யாருடையது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அப்போது நிறுத்தியிருப்பேனா என்று தெரியவில்லை.

மார்ச் முதல் வாரத்தில் புது வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதுதான் இனிமே. மணிச் சத்தத்தக் கூட்டியிருக்கேன். பழசெல்லாம் தூக்கிப் போட்டுடு" என்றேன்.

"ஆகட்டும் கூமே" என்றான், கண்ணாடியைத் தேடிக்கொண்டே.

நெயில் பாலிஷ் வெரிட்சாவுடையது. கறுஞ்சிவப்பு. குப்பி குறைவதைப் பார்த்துவிட்டாள்.

"ஏ மனுசா, எவளுக்குப் பூசிவிடற?"

"போர்டுக்கு."

"நல்ல சாக்கு. அவளாவது உன்கூட வெளிய வருவாளா, இல்ல அவளையும் துவாரம் வழியாத்தான் பாப்பியா?"

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "கூம் வீட்டுக்கு எப்ப போற? கல்யாணத்துக்கு நாள் கிட்ட வந்துடுச்சு. ஊருக்கெல்லாம் பத்திரிகை போயாச்சு, மெழுகுவர்த்தி பிடிக்கறவனுக்கு இன்னும் குடுவை போகல. அசிங்கமா இருக்கு."

"போறேன்."

"இதையேதான் ஒரு மாசமா சொல்ற."

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் செருப்பை எடுத்துக்கொண்டு என்னை அடிப்பாளா அவனை அடிப்பாளா என்று நிச்சயமில்லை. லெஸ்கோவாட்ஸில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தம்பியைக் கூமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நாள் ரெல்யாவிடம் பேச்சைப் போட்டுப் பார்த்தேன். பஸ் ஓட்டிவிட்டு வந்து பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்பா, கூம் புதிமிர் இல்லாம நான் தேவாலயத்துக்குள்ள கால வைக்கமாட்டேன். அவர் என்ன தப்பு பண்ணாரு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப என்ன?"

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல!"

அவன் சூப்பை முடிக்காமல் எழுந்து போனான். பழைய கூம் வாயைத் திறந்து 'வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்' என்று அனுமதி கொடுத்தால்தான் புதுக் கூம் வைக்கலாம். அந்த அனுமதியை நான் எந்த முகத்தோடு கேட்பேன்? ஆதாரம் இருந்தால் கேட்கலாம். ஆதாரம் வரட்டும் என்று காத்திருந்தேன். திருடன் யாரிடமாவது விற்றிருப்பான், யாராவது கத்துவார்கள், என் காதுக்கு வரும். ஆனால் எந்தப் பக்கமிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வியாழன், வழக்கம்போல் முட்டையும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் வாங்க ஸ்வர்லிக்குக்கு மேலே ஜகோதாவின் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை முட்டைக்குச் சாயம் போட வேண்டும், கடை முட்டையை வெரிட்சா தொடமாட்டாள். ஜகோதா தனி ஆள், வான்கோழி வளர்க்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் என்னிடம் கருவி வாங்கியவள்.

"வாங்க மாஸ்டர்!" என்றாள் வேலியோரத்திலேயே. "முதுகு வலி தேவலையா? நீங்க குடுத்தனுப்பின புது போர்டு தங்கமா ஓடுது. நூத்தி இருபது முட்டை வச்சிருக்கேன், இன்னும் ஆறு நாள்ல பொரிஞ்சிடும்."

எனக்கு முதுகு வலியே கிடையாது. போர்டும் நான் அனுப்பவில்லை.

"நான் அனுப்பினேனா?"

"பின்ன யாரு, போப்பாண்டவரா?"

பெட்டி அவள் படுக்கையறையில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வெளியே வைத்தால் குளிர் தாக்குமாம். திருகாணியைக் கழற்றினேன். சுத்தமான கோடுகள். வார்னிஷ். இல்லாத துளையைச் சுற்றிப் போகும் வளைவு. அகப்பட்டான்! மணிக் கோட்டின் மூலையில் இடைவெளியைத் தேடினேன்.

இடைவெளி இல்லை. அந்த இடத்தில் செம்பு கொஞ்சம் தடித்து, கையால் பேனா வைத்து இழுத்ததுபோல் ஒரு முடிச்சாக நின்றது. யாரோ கண்டுபிடித்து அடைத்திருக்கிறார்கள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எவ்வளவு பெரிய கள்ளன்! பொறியையே மோப்பம் பிடித்துவிட்டான். ஜகோதா காப்பி கொண்டுவந்தாள். கொதிக்கிற அந்தக் கோப்பையின் மேல் சூட்டை அளக்கிற முனையை வைத்து அழுத்தினேன். ஏழெட்டு நொடியில் மணி வீடே அதிர அலறியது. வான்கோழிகள் வெளியே பதில் கத்தின.

"ஐயோ, நிறுத்துங்க மாஸ்டர்! போன வாரமும் இப்பிடித்தான் விடியக்காலம் கத்துச்சு. அடிச்சுப் புரண்டு எழுந்தேன். காத்தாடி சிக்கிக்கிட்டு உள்ள வெந்துக்கிட்டு இருந்துச்சு. இது கத்தலன்னா அத்தனையும் போயிருக்கும். இந்த முட்டைய நம்பித்தான் இந்த வருஷ விறகு, மாத்திரை, எல்லாம்."

அதைக் கேட்டு நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இதுவரை 'வாங்கினவன்' என்று ஒருவன் என் மனசில் இருந்தான், முகமில்லாமல். அவனுக்கு இப்போது ஜகோதாவின் முகம் வந்துவிட்டது.

"இதை யார் கொண்டுவந்து வச்சா?"

"உங்க ஆளுதான். பெரிய உடம்பு, கண்ணாடி நெத்தியில. உங்க போர்டு மார்ச்சுல செத்துப் போச்சு. பெட்டி மூடியில ஒட்டியிருக்கே நம்பர், அதுக்குப் பேசினேன். ரெண்டாம் நாளே பஸ்ஸுல வந்துட்டாரு. மாஸ்டருக்கு முதுகு வலி, அவரே செஞ்சு என்கிட்ட குடுத்தனுப்பினார்னு சொன்னாரு. காசு எடுக்கவே மாட்டேன்னுட்டாரு."

மூடியில் ஒட்டியிருப்பது புதிமிரின் கடை எண். முன்பின் தெரியாதவர்கள் என் வீட்டு எண்ணுக்குப் பேசுவது எனக்குப் பிடிக்காது என்று நான்தான் அதைப் போட்டேன்.

"எனக்கு மட்டுமா? கீழ் வீட்டு மிலுட்டினுக்கு, மாவு மில்லுக்காரர் வீட்டுக்கு, எல்லாருக்கும் அவர்தான் மாத்திக் குடுத்தாரு" என்றாள். மேசை இழுப்பறையைத் திறந்து பழைய போர்டை எடுத்து நீட்டினாள். "இந்தாங்க உங்க பழசு. தூக்கிப் போட மனசு வரல."

என் கைவேலைதான். கோடுகளின் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருந்தது. ஒரு கோடு நடுவில் கரைந்தே போயிருந்தது. ஆசிட்டை ஒழுங்காக அலசாமல் விட்டால், ஈரம் பட்டுப் பட்டு அது உள்ளேயே தின்றுகொண்டிருக்கும். நான் குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை காட்டிவிட்டுத் துடைத்துவிடுவேன். சோடா உப்பு எதற்கு என்று மிச்சம் பிடித்தேன்.

முட்டையைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு என் பழைய காரில் மலையிறங்கினேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு. அவன் செய்தது திருட்டு இல்லை. கெட்டுப்போன என் பெயரை அவன் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. கூடவே ஒரு நிம்மதி, அதையும் மறைக்கமாட்டேன். என் கூம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான். ரெல்யா தேவாலயத்துக்குள் கால் வைப்பான்.

வீட்டுக்குப் போய்க் குடுவையில் ரக்கியாவை நிரப்பி, துணியால் சுற்றிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன். புதிமிர் ஒரு வழக்கறிஞரின் தாள்களைத் துளையிட்டுக்கொண்டிருந்தான். குடுவையைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். அந்தப் பெரிய முகம் முழுக்க மலர்ந்தது.

"நீ வரமாட்டேன்னே நெனச்சேன் கூமே" என்றான். "ஏதோ கோவம்னு புரிஞ்சுது. என்னன்னுதான் புரியல. கேக்கவும் பயமா இருந்துச்சு."

"ரெல்யாவுக்குக் கல்யாணம். மெழுகுவர்த்தி பிடிக்கணும்" என்றேன்.

குடுவையை இரண்டு கையாலும் வாங்கி, சிலுவை போட்டுக்கொண்டு, பெரிய மடக்காகக் குடித்தான். சட்டைப்பையில் இருந்த நோட்டு ஒன்றை எடுத்து வழக்கப்படி குடுவையின் கழுத்தில் கட்டினான். என்னைக் கட்டிப்பிடித்து மூன்று தடவை முத்தமிட்டான். அங்கேயே நான் விடைபெற்று வந்திருக்க வேண்டும்.

"ஜகோதா வீட்டுக்குப் போயிருந்தேன்" என்றேன்.

திருட்டில் மாட்டிக்கொண்ட பையனைப்போல் விழித்தான். "அடடா. தெரிஞ்சு போச்சா. சொன்னா நீ குதிப்பியேன்னுதான் சொல்லல. உன் போர்டு கெட்டுப்போகுதுன்னு என் வாயால சொல்றதா? சோடா உப்பப் பத்திக் கேட்டதுக்கே அந்த மொற மொறச்ச."

"எத்தனை மாத்தின?"

"பதினொண்ணு. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது, கை சும்மா இருக்கறதுக்கு…" என்று இழுத்தான். பிறகு உற்சாகம் வந்து என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். "ஆனா கூமே, உனக்கு வயசாயிடுச்சு! புது வரைபடத்துல மணிக்குப் போற கோட்டுல ஒரு இடைவெளி விட்டிருந்தியே. அரை மில்லிமீட்டர் இருக்கும். நல்லவேளை என் கண்ணுல பட்டுச்சு. ஆசிட்ல போடறதுக்கு முன்னால மார்க்கர் பேனாவால இழுத்து மூடிட்டேன். இல்லன்னா மணியே அடிச்சிருக்காது."

"ம்."

"உன் போர்டுலயும் அப்பிடியே போயிருக்குமோன்னு பயந்துட்டேன். வாடிக்கையாளர் எடுத்துட்டுப் போகட்டும்னு இங்க விட்டுட்டுப் போன பாரு, ரெண்டு கருவி, அதைத் தொறந்து பாத்தேன். அதுல கோடு முழுசா இருந்துச்சு. நெயில் பாலிஷ் வச்சு மூடியிருந்த. ஓரத்துல கறுஞ்சிவப்புகூட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு." சிரித்தான். "அப்ப உனக்கும் இடைவெளி தெரிஞ்சிருக்கு…"

சிரிப்பு பாதியில் நின்றது.

"தெரிஞ்சிருக்கு" என்றான் மறுபடி, மெதுவாக. "தெரிஞ்சும் வரைபடத்துல திருத்தல. ரெண்டு கருவியிலயும் கையால மூடியிருக்க. என்கிட்ட பழசத் தூக்கிப் போடச் சொன்ன."

மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். அந்தப் பொய் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. 'வயசாயிடுச்சு' என்று அவனே எடுத்தும் கொடுத்திருந்தான். நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அவன் நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். முப்பது வருடத்தில் அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் மற்றவர்களைப் பார்க்கிற பார்வை அது.

"நான் திருடறேன்னு நெனச்சியா?"

"சந்தையில ஒரு போர்டு பாத்தேன்…"

"சரி. நெனச்ச. அது போகட்டும், நீ அப்பிடித்தான். உன் வாசக்கதவுக்கு வெளிய நான் எத்தனை தரம் நின்னுருக்கேன், உள்ள நீ மூச்ச அடக்கிக்கிட்டு நிக்கறது தெரிஞ்சும். அதுக்காக நான் கோவிச்சுக்கிட்டது கெடையாது." தாள்களை அடுக்க முயன்றான். அவை நழுவின. "ஆனா அந்த மணி. அந்தப் பொம்பள பெட்டிக்குப் பக்கத்துலயே படுக்கறா. அவ முட்டை வேகட்டும்னு விட்டியா? என்னப் பிடிக்கறதுக்கு?"

"யாருன்னு நான் யோசிக்கல."

"யோசிக்கல" என்றான். அவ்வளவுதான், கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

நழுவின தாள்களைப் பொறுக்கி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான். "குடிச்சாச்சு. வருவேன். பையனுக்கு நான்தான் மெழுகுவர்த்தி பிடிப்பேன். அவன் என்ன பண்ணான் பாவம்."

கணினிப் பக்கம் திரும்பி என் பெயர் போட்ட கோப்புறையைத் திறந்தான். பத்து வருட வரைபடங்கள் இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, திரையை என் பக்கமாகத் திருப்பினான்.

"நல்லாப் பாத்துக்க நெகோவான்."

"வேண்டாம் கூமே."

"பாரு. அப்புறம் எங்கயாச்சும் ஒளிச்சு வச்சிருக்கேன்னு தோணும். இதோ, அழிச்சாச்சு. குப்பைத் தொட்டியையும் காலி பண்றேன். பாத்தியா? இனிமே என்கிட்ட உன்னோடது ஒண்ணும் இல்ல."

நான் பார்க்கவில்லை. கழுத்தில் நோட்டு கட்டிய குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றேன். அவன் சொன்னதை, சரிபார்க்காமல், அப்படியே நம்பினேன்.